மேல்நிலை வகுப்புகளில் இயற்பியலைப் படிப்பது எப்படி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பதினொன்றாம் வகுப்பு தொடங்குவதும் குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கப்படுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடக்கின்றன. ஜூன் 12 என்ற தேதியை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஜூன் மாதத்தை ஒரு மாணவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதே அவருடைய அடுத்த இரண்டு ஆண்டு இயற்பியலைப் பெருமளவு முடிவு செய்கிறது என்பது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பாடத்தைக் கற்பித்துவரும் என் அனுபவம். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் கடினமாகத் தோன்றத் தொடங்குவது பெரும்பாலும் கணிதத்தால்தான். அளவீட்டியலைப் பற்றிய முதல் அலகு முடிந்தவுடன் வரும் இயக்கவியல், வெக்டர்களையும் வகையிடலையும் தொகையிடலையும் எடுத்த எடுப்பிலேயே பயன்படுத்துகிறது. கணிதப் புத்தகத்திலோ அவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. தாவரவியலும் விலங்கியலும் எடுத்து, கணிதமே இல்லாத பியூர் சயின்ஸ் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு அவை எந்த வகுப்பிலும் வரப்போவதில்லை. எனவே பள்ளி திறந்த முதல் ஆறு வாரங்களுக்கு நாள்தோறும் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். தேவைப்படுவது அதிகமில்லை. ஒரு வெக்டரைச் செங்குத்துக் கூறுகளாகப் பிரித்தல், புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல், எளிய சார்புகளின் வகைக்கெழுவும் தொகையீடும், பத்தின் அடுக்குகளைக் கையாளுதல், மடக்கை அட்டவணை பார்த்தல் ஆகியவை கைவந்தால் போதும்.

வகைக்கெழு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுபவர்களுக்கு நான் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் பேருந்தின் தொலைவு-நேர வரைபடத்தை வரையச் சொல்வதுண்டு. பாபநாசத்தில் பேருந்து நிற்கும்போது கோடு படுக்கையாகிறது. அய்யம்பேட்டையைத் தாண்டி வேகமெடுக்கும்போது மேலும் மேலும் நிமிர்கிறது. ஒரு கணத்தில் அக்கோட்டின் சாய்வு எவ்வளவோ, அதுவே ஓட்டுநருக்கு முன்னால் உள்ள வேகமானி அக்கணத்தில் காட்டும் எண். வேகத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால், அக்கோட்டின் கீழுள்ள பரப்பு கடந்த தொலைவைத் தருகிறது. சாய்வு வகைக்கெழு, பரப்பு தொகையீடு என்ற இந்த இரண்டு படங்களும் மனத்தில் நின்றுவிட்டால், வாய்பாடுகளைப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

அடுத்து, கோவைகளை, அதாவது சூத்திரங்களை, அடிப்படை விதிகளிலிருந்து படிப்படியாக வருவிக்கும் முறை. நான் மிகுந்த கவலையுடன் எழுத விரும்பும் பகுதி இதுதான். ஐந்து மதிப்பெண் வினாக்கள் பெரும்பாலும் வருவித்தல்களாகவே இருப்பதால், மாணவர்கள் அவற்றைச் செய்யுளைப் போல மனப்பாடம் செய்கிறார்கள். நானும் பள்ளி நாட்களில் அப்படித்தான் செய்தேன். பாகுநிலை (பிசுபிசுப்பு) கொண்ட திரவத்தில் விழும் கோளத்தின் முற்றுத் திசைவேகத்துக்கான, அதாவது அது இறுதியில் அடையும் மாறாத வேகத்துக்கான, கோவையைப் பிழையில்லாமல் எழுதக்கூடியவனாக இருந்தும், செய்முறைத் தேர்வில் புறத்தேர்வாளர், "கோளத்தைவிடத் திரவம் அடர்த்தியானதாக இருந்தால் உன் கோவை என்ன சொல்லும்?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விடை நான் எழுதி வைத்திருந்த வரியிலேயே இருந்தது. அடர்த்தி வேறுபாடு எதிர்க்குறி பெறுகிறது, திசைவேகம் மேல்நோக்கியதாகிறது, கோளம் குமிழியைப் போல எழுகிறது.

அதே கோவையை இப்போது எப்படிப் படிக்கச் சொல்கிறேன் என்பதை விரிவாகக் கூறுகிறேன். மற்ற வருவித்தல்களுக்கும் இதையே கைக்கொள்ளலாம். முதலில் புத்தகத்தை மூடிவிட்டுப் படத்தை வரையுங்கள். கோளத்தின் மீது எடை கீழ்நோக்கிச் செயல்படுகிறது. திரவத்தின் மிதப்பு விசையும், இயக்கத்தைத் தடுக்கும் பாகியல் விசையும் மேல்நோக்கிச் செயல்படுகின்றன. பிறகு எந்த விதியிலிருந்து தொடங்குகிறோம் என்பதை ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தில் எழுதுங்கள்: "முற்றுத் திசைவேகத்தை அடைந்தபின் முடுக்கம் சுழி, எனவே மூன்று விசைகளின் கூடுதல் சுழி." இந்த வாக்கியத்தை எழுத முடிந்தவருக்கு மீதமுள்ளது இயற்கணிதமே. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், அதற்கு முந்தைய வரியிலிருந்து அது ஏன் வந்தது என்று பென்சிலால் இரண்டு சொல் குறித்துவையுங்கள். இறுதியில் கிடைப்பது, முற்றுத் திசைவேகம் ஆரத்தின் இருமடிக்கும் அடர்த்தி வேறுபாட்டுக்கும் நேர்த்தகவிலும், பாகியல் எண்ணுக்கு எதிர்த்தகவிலும் உள்ளது என்பதாகும். முன்னால் நிற்கும் மாறிலி 2/9.

பல மாணவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இதற்குப் பின்தான் கோவை பேசத் தொடங்குகிறது. நம் காலடியில் இருக்கும் மண்ணையே எடுத்துக்கொள்வோம். 0.05 மில்லிமீட்டர் ஆரமுள்ள நுண்மணல் ஒன்று, 0.001 மில்லிமீட்டர் ஆரமுள்ள களிமண் துகள் ஒன்று. இரண்டின் அடர்த்தியையும் கனமீட்டருக்கு 2650 கிலோகிராம் என்றும், நீரின் பாகியல் எண்ணை 0.001 பாஸ்கல் நொடி என்றும் கொள்வோம். மணலின் முற்றுத் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் என வருகிறது. ஒரு மீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடங்கூடத் தேவையில்லை. களிமண் துகளின் ஆரம் ஐம்பதில் ஒரு பங்கு என்பதால் அதன் திசைவேகம் 2500-இல் ஒரு பங்காகிறது. அதே ஒரு மீட்டரைக் கடக்க அது மூன்று நாட்களுக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. ஆற்றுப் படுகையில் மணல் தங்குவதும், வண்டல் கலங்கல் நீரோடு வாய்க்கால் வழியாகக் கடைமடை வயல்வரை பயணம் செய்வதும் ஏன் என்பதற்கு ஆரத்தின் இருமடி என்ற அந்த ஒரு சொல்லே விடையாக இருக்கிறது.

ஆற்று நீரைக் குடிக்கப் பயன்படுத்திய காலத்தில் நம் வீடுகளில் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். சற்று நேரத்தில் கலங்கல் தெளியும். தனித்தனியாக மிதந்த களிமண் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு பெரிதாகின்றன. ஆரம் பெருகப் பெருக, இறங்கும் வேகம் அதன் இருமடியாகப் பெருகுகிறது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உப்புநீரும் களிமண்ணை இவ்வாறே திரளச் செய்கிறது. பாட்டி செய்த ஒரு காரியத்தைப் புத்தகத்தின் ஒரு வரி விளக்குவதைக் கண்ட மாணவர் அந்த வரியை மறப்பதில்லை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கோவை எங்கே செல்லாது என்பதையும் உடன் எழுதிவையுங்கள். பாகியல் விசை திசைவேகத்துக்கு நேர்த்தகவில் உள்ளது என்று நாம் இங்கே பயன்படுத்திய ஸ்டோக்ஸ் விதி, சிறிய, மெதுவாக நகரும் கோளத்துக்கு, வரிச்சீராக ஓடும் திரவத்துக்கு உரியது. களத்தில் நெல்லைத் தூற்றும்போது பதர் காற்றோடு விலகிச் செல்வதற்கும் விசைகளின் சமநிலையே காரணம் என்றாலும், நெல்மணி அளவிலும் வேகத்திலும் பெரியது. அங்கே காற்றின் தடை திசைவேகத்துக்கு நேர்த்தகவில் இருப்பதில்லை. சிந்தனை செல்லும், கோவை செல்லாது. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த மாணவரைத் தேர்வில் எந்த மறைமுக வினாவும் தடுமாறச் செய்யாது.

வருவித்தல்களின் எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். அவற்றைத் தாய்க்கோவைகளின் கீழ் தொகுத்துக்கொண்டால் சுமை பெரிதும் குறையும். பன்னிரண்டாம் வகுப்பின் நிலைமின்னியலில் நீண்ட கம்பி, சமதளத் தகடு, கோளக்கூடு ஆகிய மூன்றுக்கும் மின்புலம் காண்பது காஸ் விதி ஒன்றிலிருந்தே வருகிறது. மாறுவது நாம் தேர்ந்தெடுக்கும் மூடிய பரப்பின் வடிவம் மட்டுமே. நோட்டின் ஒரு பக்கத்தில் தாய்க்கோவையையும் எதிர்ப்பக்கத்தில் அதன் பிள்ளைகளையும் எழுதிவைப்பது என் மாணவர்களுக்கு உதவியிருக்கிறது.

தமிழ்வழியில் படிப்பவர்களுக்குக் கலைச்சொற்கள் ஒரு நல்ல துணை. திசைவேகம் என்ற சொல்லிலேயே திசை இருக்கிறது, மின்தேக்கி என்ற சொல் நீர்த்தேக்கத்தை நினைவூட்டுகிறது. ஆனால் வீட்டுப் பேச்சில் ஒன்றாகக் கலந்து கிடக்கும் சொற்களை இங்கே பிரித்தாக வேண்டும். நிறையும் எடையும் வேறு. வெப்பமும் வெப்பநிலையும் வேறு. எல்லாவற்றையும் விட ஆற்றலும் திறனும் வேறு என்பதில்தான் மிகுதியான பிழைகள் நேர்கின்றன. மின்கட்டணத்தில் வரும் யூனிட் என்பது ஆற்றல். அது 36 லட்சம் ஜூல். மோட்டாரின் மீது எழுதியிருக்கும் குதிரைத்திறன் என்பது ஓர் நொடிக்குச் செய்யப்படும் வேலை. அது 746 வாட்.

இதையே ஒரு கணக்காக்குவோம். கணக்குகளை எப்படி அணுக வேண்டும் என்பதும் இதிலேயே தெரியும். 5 குதிரைத்திறன் கொண்ட மோட்டார், 30 மீட்டர் ஆழத்திலிருந்து நீரை இறைக்கிறது. பயனுறுதிறன் 50 விழுக்காடு. ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்த எவ்வளவு நேரமாகும்? பேனாவை எடுப்பதற்கு முன் விடையை ஊகியுங்கள். வீட்டில் மோட்டார் ஓடும் நேரம் உங்களுக்குத் தெரியும். பிறகு தரவுகளை அலகுகளோடு எழுதி, எல்லாவற்றையும் எஸ்.ஐ. அலகுக்கு மாற்றுங்கள். மோட்டாரின் திறன் 3730 வாட். நீருக்குக் கிடைப்பது 1865 வாட். ஒரு கிலோகிராம் நீரை 30 மீட்டர் உயர்த்த 294 ஜூல் வேண்டும். ஆகவே நொடிக்கு ஏறத்தாழ 6.3 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ 22,800 லிட்டர். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர் என்பதால் தேவைப்படும் நீர் ஏறத்தாழ 2,02,000 லிட்டர். ஆகும் நேரம் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த விடையை வீட்டில் அப்பாவிடமோ தாத்தாவிடமோ சொல்லி, சரியாகத் தோன்றுகிறதா என்று கேளுங்கள். மண் உறிஞ்சும் நீரைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று அவர்கள் சொன்னால், நீங்கள் செய்த எடுகோள் எது என்பதை அவர்களே கற்பித்துவிட்டார்கள்.

புத்தகத்தில் தீர்க்கப்பட்ட எடுத்துக்காட்டுக் கணக்குகளை விடையை மறைத்துக்கொண்டு போட்டுப் பார்த்த பிறகே பாடத்தின் இறுதியில் உள்ள பயிற்சிக் கணக்குகளுக்குச் செல்லுங்கள். கைடுகளை விடை சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் முயன்றும் வராத கணக்கின் எண்ணைத் தனித்தாளில் குறித்துவைத்து, மறுநாள் ஆசிரியரிடம் எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். "இந்தக் கணக்கு புரியவில்லை" என்று கேட்பவருக்கும், "இந்த வரியில் ஏன் எதிர்க்குறி வந்தது" என்று கேட்பவருக்கும் கிடைக்கும் பதில்களின் பயன் மிகவும் வேறுபடும்.

பன்னிரண்டாம் வகுப்பின் மின்னோட்டவியல் டெல்டா மாணவர்களுக்கு எளிதாக வர வேண்டிய பாடம். கல்லணையில் வந்து சேரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. வந்தது எவ்வளவோ அவ்வளவே நான்காகப் பிரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கிர்க்காஃப் மின்னோட்ட விதி. மதகின் இருபுறமும் உள்ள நீர்மட்ட வேறுபாட்டை மின்னழுத்த வேறுபாட்டுக்கும், புல்லும் வண்டலும் அடைந்த குறுகிய வாய்க்காலை மின்தடைக்கும் ஒப்பிடலாம். இந்த ஒப்புமையை நம்பி வெகுதூரம் போகவும் கூடாது. வாய்க்காலில் நீர் கசியும், ஆவியாகும். கம்பியில் மின்னூட்டம் அவ்வாறு மறைவதில்லை. இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. மேட்டூரில் திறந்த நீர் வறண்ட ஆற்றில் நடந்து கடைமடைக்கு வரப் பல நாட்களாகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்கள் கம்பிவழியே சராசரியாக முன்னேறும் வேகமான இழுப்புத் திசைவேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவே. பத்து மீட்டரைக் கடக்க அவற்றுக்கு ஒன்றரை நாள் ஆகும். அப்படியிருந்தும் சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிகிறது; ஏனெனில் கம்பி வறண்ட ஆற்றைப் போன்றதன்று, முன்பே நிறைந்து நிற்கும் குழாயைப் போன்றது. மின்புலம் பரவியவுடன் எங்கும் உள்ள எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன. ஒப்புமை எங்கே உதவுகிறது, எங்கே உடைகிறது என்று இரண்டு பத்திகளாக நோட்டில் எழுதிப் பார்ப்பது இந்தப் பாடத்துக்கு மிகச் சிறந்த பயிற்சி.

அலைகள் பாடத்துக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளில் பன்னிரண்டாம் மெட்டில் விரலை வைத்தால் அதிரும் கம்பியின் நீளம் பாதியாகிறது, அதிர்வெண் இருமடங்காகிறது. கம்பியை இறுக்கும் பிருடையைத் திருகினால் இழுவிசையின் இருமடி மூலத்துக்கு நேர்த்தகவில் அதிர்வெண் ஏறுகிறது. இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண்ணை ஆராயும் சோனாமீட்டர் சோதனை இதைத்தான் அளக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன், ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு பெறுவதற்கு முன்பே வீணை, மிருதங்கம் முதலியவற்றின் ஒலியை ஆராய்ந்தவர். தலையாட்டிப் பொம்மையைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஈர்ப்பு மையமும் உறுதிச் சமநிலையும் பற்றிய பகுதியைப் படியுங்கள்.

செய்முறையை ஆண்டு இறுதிக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஆய்வகத்தில் கருவிகள் குறைவாக இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம். உத்தரத்திலிருந்து கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் மையம்வரை சரியாக ஒரு மீட்டர் இருக்குமாறு அளந்துகொள்ளுங்கள். சிறிய வீச்சில் ஆடவிட்டு 20 அலைவுகளுக்கான நேரத்தைக் கைப்பேசியில் குறியுங்கள். 40 நொடிக்குச் சற்று மேல் வரும். கை தாமதிப்பதால் 0.4 நொடி பிழை நேர்ந்தால் அது 40 நொடியில் ஒரு விழுக்காடு. அலைவு நேரம் இருமடியாக வருவதால் புவியீர்ப்பு முடுக்கத்தில் இரண்டு விழுக்காடு. ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்தால் அதே 0.4 நொடி, இரண்டு நொடியில் 20 விழுக்காடாகிவிடும். இருபது அலைவுகளை ஏன் எண்ணச் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் புரியும். நம் பகுதியில் உண்மையான மதிப்பு நொடிக்கு நொடி 9.78 மீட்டர் அளவில் இருக்கும். ஆய்வகத்தில் வெர்னியரையும் திருகு அளவியையும் தொட்டவுடன் சுழிப்பிழையை (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் அளவை) குறிப்பதும், அளவீடுகளை நேரடியாகப் பேனாவால் பதிவதும், பிடிக்காத அளவீட்டை அழிக்காமல் ஒரு கோட்டால் அடிப்பதும் பழக்கமாகட்டும்.

இனி நாட்காட்டி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் பள்ளிகள் அடிக்கடி மூடப்படும் பகுதி நம்முடையது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கிய அந்த நாட்களில், சொந்தக் கையெழுத்தில் வருவித்தல் நோட்டு வைத்திருந்தவர்களால் பகல் வெளிச்சத்திலேயே தொடர்ந்து படிக்க முடிந்தது. காணொலிகளையும் கைப்பேசியில் உள்ள கோப்புகளையும் மட்டும் நம்பியிருந்தவர்களால் முடியவில்லை. முதல் தொகுதியின் திருப்புதலைத் தீபாவளிக்கு முன்பே முடித்துவிடுங்கள். மழை விடுமுறை நாட்களைக் கணக்குகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீட் எழுதுபவர்கள் ஒவ்வொரு அலகும் முடிந்த அதே வாரத்தில் அந்த அலகின் பழைய நீட் வினாக்களைப் போட்டுப் பார்ப்பது போதும். பொதுத்தேர்வு முடிந்தபின் புதிதாகத் தொடங்குவது மிகவும் தாமதம்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எழுத்துத்தேர்வுக்கு 70 மதிப்பெண்கள். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத்தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15; இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் தலா ஒன்பதில் ஆறு எழுத வேண்டும்; ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றும் இது அல்லது அது என அமைந்தவை. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகள் இரண்டிலும் தலா ஒரு கட்டாய வினா உண்டு. அது பெரும்பாலும் கணக்காகவே வருகிறது. கணக்குகளை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்ற யோசனை அங்கேயே ஐந்து மதிப்பெண்ணை இழக்கச் செய்கிறது.

வினாத்தாளைப் படிக்கத் தரப்படும் பத்து நிமிடங்களில் முதலில் கட்டாய வினாக்கள் இரண்டையும் பாருங்கள். பிறகு ஐந்து மதிப்பெண் வினாக்களில் எந்தப் பக்கத்தை எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். படம் வரைந்து தொடங்கக்கூடிய வினாவுக்கு முன்னுரிமை கொடுங்கள், ஏனெனில் படமும் தொடக்க விதியும் சரியாக இருந்தால் இடையில் ஒரு வரி பிழைத்தாலும் பகுதி மதிப்பெண் கிடைக்கும். கணக்குகளில் சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு என்ற நான்கையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு, விடைத்தாளை முதலிலிருந்து புரட்டி அலகுகளையும், வெக்டர் அளவுகளின் திசைகளையும், படங்களில் அம்புக்குறிகளையும் மட்டும் சரிபாருங்கள்.